கிணற்று நீரில் ஃபுளூரைடு 2.9 ஆ, 2.2 ஆ? ஐ.சி. தரும் எண்ணை எப்போது நம்பலாம்

கேட்டவர் ஒரு முதுகலை ஆய்வு மாணவர். தர்மபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் எடுத்து, துறையில் புதிதாக வந்திருக்கும் அயன் குரோமட்டோகிராஃபி (சுருக்கமாக ஐ.சி., நீரிலுள்ள அயனிகளைப் பிரித்து அளப்பது) கருவியில் ஓட்டியிருக்கிறார். ஒரு கிணற்றுக்கு லிட்டருக்கு 2.9 மில்லிகிராம் ஃபுளூரைடு வந்திருக்கிறது. அதே நீரை ஃபுளூரைடு எலக்ட்ரோடில் அளந்தால் 2.2. குளோரைடு 142, சல்பேட் 48, நைட்ரேட் 62. நைட்ரைட் பீக் (அந்த அயனி வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் கூம்பு) கண்ணுக்கே தெரியவில்லை. "எந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதுவது? ஐ.சி. விலை உயர்ந்த கருவி, அதைத்தானே நம்ப வேண்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் அவசரமான பதில். ஆய்வேட்டில் இப்போதைக்கு இரண்டையும் எழுத வேண்டாம். ஆனால் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஃபுளூரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1.0 என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை என்றும் வைத்திருக்கிறது. 2.2 ஆனாலும் 2.9 ஆனாலும் அந்த நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. நைட்ரேட் 62 என்பதும் 45 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகிக் குறையும், இந்த இரண்டு அயனிகளும் பாத்திரத்திலேயே இருக்கும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். என் கணிப்பு, உங்கள் 2.9 தான் தவறு. கருவியில் பழுது இருப்பதாக நான் நினைக்கவில்லை. உங்கள் ஸ்டாண்டர்டும் (ஒப்பிட வைத்த, அளவு தெரிந்த கரைசல்) உங்கள் கிணற்று நீரும் அந்தக் கருவிக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். அது ஏன் என்று புரிய வேண்டுமானால் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஐ.சி. வருவதற்கு முன்னால் ஒவ்வொரு அயனிக்கும் ஒரு தனி வேலை இருந்தது. குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட் டைட்ரேஷன், சல்பேட்டுக்கு பேரியம் சேர்த்துக் கலங்கலை அளப்பது, ஃபுளூரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் தனித்தனி நிற வினைகள். ஒரு பாட்டில் நீருக்கு ஒரு நாள் போய்விடும். 1975-இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ஹாமிஷ் ஸ்மால், டிமோதி ஸ்டீவன்ஸ், வில்லியம் பௌமன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அயனிகளை ரெசினில் (அயனிகளைப் பிடித்து விடும் சிறு மணிகள்) பிரிப்பது அப்போதே பழைய செய்தி. பிரித்து வெளியே வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் சிக்கல். அயனிகளுக்கெல்லாம் பொதுவான குணம் மின்கடத்துதல். ஆனால் அவற்றைத் தள்ளிக்கொண்டு வரும் கரைசலும் (லேபில் எலூவன்ட் என்கிறோமே, அது) அயனிக் கரைசல்தான். சந்தை இரைச்சலில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பதுபோல, அதன் கடத்துதிறனுக்கு நடுவே மாதிரியின் சிறு கடத்துதிறன் காணாமல் போய்விடும்.

அவர்கள் செய்தது, பிரிப்புக் குழாய்க்கும் டிடெக்டருக்கும் (கடத்துதிறனை அளக்கும் பகுதி) நடுவில் இன்னொரு ரெசின் குழாயை வைத்தது. இன்று அதன் இடத்தில் சவ்வு வைத்த சப்ரஸர் இருக்கிறது. எலூவன்டில் இருக்கும் சோடியத்தை அது பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது. சோடியம் கார்பனேட் கார்பானிக் அமிலமாகிறது. அது மிக வலுக்குறைந்த அமிலம், அதனால் பின்னணி இரைச்சல் அடங்கிவிடுகிறது. அதே நேரத்தில் மாதிரியில் இருந்த சோடியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. சமான அயனிக் கடத்துதிறன் என்று பார்த்தால் சோடியத்துக்கு சுமார் 50, குளோரைடுக்கு 76, ஹைட்ரஜன் அயனிக்கு 350. அதாவது 126 ஆக இருந்தது 426 ஆகிறது. ஒரே அடியில் பின்னணி தாழ்கிறது, பீக் உயர்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை, அவ்வளவு அழகான யோசனை.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டிடெக்டருக்கு ஃபுளூரைடு எது, குளோரைடு எது என்று தெரியாது. எத்தனையாவது நிமிடத்தில், எவ்வளவு கடத்துதிறன் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் வந்ததற்கு ஃபுளூரைடு என்று பெயர் வைப்பது நாம்தான். கருவி கொடுப்பது நேரமும் பரப்பளவும். பெயரும் எண்ணும் நம் பொறுப்பு. உங்கள் கேள்வியில் உள்ள எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

கார்பனேட் எலூவன்ட் வைத்த வழக்கமான குழாய்களில் வரிசை இப்படி இருக்கும்: ஃபுளூரைடு, குளோரைடு, நைட்ரைட், புரோமைடு, நைட்ரேட், பாஸ்பேட், சல்பேட். ஃபுளூரைடு ரெசினோடு அதிகம் ஒட்டாமல் முதலில் வந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால், ரெசினில் நிற்காமல் நேராக ஓடிவரும் மாதிரியின் நீரும் வரும். அந்த நீர் எலூவன்டைவிட அயனி குறைந்ததாக இருந்தால் வரைபடத்தின் அடிக்கோடு ஒரு பள்ளமாக இறங்கி ஏறும். நீர்ப் பள்ளம் என்று இதைச் சொல்லலாம். ஃபுளூரைடு பீக் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தின் ஏறுகரையில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது உங்கள் ஸ்டாண்டர்டை நினைத்துப் பாருங்கள். 18.2 மெகாஓம் தூய நீரில் 1 மி.கி., 2 மி.கி. ஃபுளூரைடு. ஏறக்குறைய வெறும் நீர். பள்ளம் ஆழமாக விழும். பீக்கின் காலடியில் கொஞ்சத்தைப் பள்ளம் தின்றுவிடும். மென்பொருள் அளக்கும் பரப்பு உண்மையைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் கிணற்று நீரோ வேறு ரகம். பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 13 மில்லி ஈக்விவலன்ட் (எடையை விட்டு மின்சுமையை எண்ணும் அலகு) அளவுக்கு இருக்கும் என்று கணக்கிடுகிறேன் (கணக்கைப் பின்னால் சொல்கிறேன்). 3.2 மில்லிமோலார் சோடியம் கார்பனேட்டும் 1.0 மில்லிமோலார் பைகார்பனேட்டும் கலந்த பரவலான எலூவன்டில் 7.4 மில்லி ஈக்விவலன்ட்தான் இருக்கிறது. ஆக உங்கள் மாதிரி எலூவன்டைவிட உப்பு அதிகமானது. அங்கே பள்ளம் விழாது, சிறு மேடுகூட வரலாம். பள்ளத்தில் நின்றவரின் உயரத்தை வைத்து அளவுகோல் செய்துவிட்டு, மேட்டில் நிற்பவரை அதே கோலால் அளந்தால் உயரம் கூடித்தானே தெரியும்? 2.2 இப்படித்தான் 2.9 ஆகியிருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க மூன்று வழிகள். மூன்றையும் செய்யுங்கள், ஒரு நாள் வேலை.

முதலாவது, நீர்த்துப் பார்ப்பது. அதே மாதிரியை 2 மடங்கு, 5 மடங்கு, 10 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். பெருக்கி வரும் விடை எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. நீர்க்க நீர்க்க விடை 2.9-இலிருந்து 2.2-ஐ நோக்கி இறங்கினால் குற்றவாளி இந்த மேடுபள்ளம்தான்.

இரண்டாவது, பள்ளத்தையே நிரப்பிவிடுவது. எலூவன்டை 100 மடங்கு செறிவாகத் தயாரித்து, 100 மி.லி. ஸ்டாண்டர்டுக்கு 1 மி.லி., 100 மி.லி. மாதிரிக்கும் 1 மி.லி. சேருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 300.0 முறையிலேயே இந்த உத்தி இருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு சேர்ப்பதால் கன அளவுத் திருத்தம் தேவையில்லை. பிளாங்க்கிலும் (மாதிரி சேராத வெறும் தூய நீர்) சேர்க்க மறக்காதீர்கள். அந்தக் கார்பனேட் உப்பில் குளோரைடோ சல்பேட்டோ கலந்திருந்தால் பிளாங்க்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் நீர் ஏற்கெனவே எலூவன்டைவிடச் செறிவானது என்பதால், முதலில் 5 மடங்கு நீர்த்துவிட்டுப் பிறகு இதைச் சேர்ப்பது நல்லது. ஃபுளூரைடு 0.4 அளவுக்கு இறங்கினாலும் கருவிக்கு அது சுலபமான அளவுதான்.

மூன்றாவது, ஸ்பைக். மாதிரியில் தெரிந்த அளவு ஃபுளூரைடு, லிட்டருக்கு 1 மி.கி. என்று வையுங்கள், கூட்டிச் சேர்த்து ஓட்டிக் கூடுதலாக எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஆனால் ஒன்று, ஸ்பைக் சரியாக மீண்டு வந்துவிட்டது என்பதாலேயே முதல் எண் சரி என்று ஆகிவிடாது. மேடு எப்போதும் அங்கேயே இருக்கிறது, ஸ்பைக் போட்டாலும் போடாவிட்டாலும். அளவுகோல் கோட்டின் சாய்வில் உள்ள பிழையைத்தான் ஸ்பைக் பிடிக்கும். அடியில் ஒளிந்திருக்கும் கூடுதலை நீர்த்தல்தான் பிடிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் "மீட்பு 98 சதவீதம்" என்று எழுதி நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கருவியில் எலூவன்டைத் தானே தயாரிக்கும் பகுதி இருந்தால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எலூவன்டுக்கு மாறிவிடலாம். சப்ரஸரைத் தாண்டும்போது அது வெறும் நீராகிவிடும். பின்னணி ஏறக்குறைய இல்லை, பள்ளமும் பேருக்குத்தான். ஆனால் அதற்கேற்ற குழாய் வேண்டும், அயனிகள் வரும் வரிசையும் மாறும், பாஸ்பேட் கடைசிக்குப் போய்விடும். பழைய வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு பெயர் வைத்துவிடாதீர்கள்.

சரி, எலக்ட்ரோடையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? உங்கள் மாதிரிக்கு நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன், அதற்குரிய தாங்கல் கரைசலைச் சேர்த்து, ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது அளந்திருந்தால். ஆனால் படிகாரம் போட்டு ஃபுளூரைடு நீக்கிய நீர் (நல்கொண்டா முறை என்பார்களே, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ப்பது) என்றால் கதை வேறு. அதில் எஞ்சிய அலுமினியம் ஃபுளூரைடைப் பிடித்து வைத்திருக்கும். தாங்கல் கரைசல் அதை விடுவித்துவிடும், எலக்ட்ரோடு மொத்தத்தையும் படிக்கும். ஐ.சி.யில் அதில் ஒரு பகுதி தவறிப்போகலாம். அப்போது ஐ.சி.யின் எண் குறைவாக இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது அதற்கு நேர் எதிர்.

இன்னொரு சந்தேகத்துக்குரிய ஆளும் உண்டு. ஃபார்மேட்டும் அசிடேட்டும் ஃபுளூரைடுக்குப் பக்கத்திலேயே வரும். சாதாரண ஆழ்துளைக் கிணற்று நீரில் இவை இருக்காது. ஆனால் மாதிரி பாட்டிலில் வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்தால், பாட்டில் சுத்தமாக இல்லாவிட்டால், நுண்ணுயிர்கள் இவற்றை உண்டாக்கலாம். மழைநீரில் இவை இயல்பாகவே இருக்கும். பீக்கின் தோளில் சிறு புடைப்பு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கருவி போட்டுக் கொடுத்த முழுப் படத்தில் இது தெரியாது. சல்பேட்டும் குளோரைடும் வானுயர நிற்கும் படத்தில் ஃபுளூரைடு ஒரு துளி மேடுதான்.

பாட்டிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிப் பிழை லேபுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் அன்போடு குளிர்பான பாட்டிலில் நீர் பிடித்து வைத்திருப்பார்கள். கோலா வகைகளில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. சரியாகக் கழுவாத பாட்டிலில் பாஸ்பேட் பீக் வந்தால், அது வயலிலிருந்து வந்ததா கடையிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? நீங்களே பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பாட்டில் கொண்டுபோங்கள். தூய நீரில் ஊறவைத்துக் கழுவி, கிணற்றடியில் அதே நீரால் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். மோட்டாரைப் போட்டதும் வரும் நீர் குழாயில் தேங்கி நின்ற நீர். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மின்கடத்துதிறன் நிலைத்த பிறகு பிடிக்க வேண்டும். வெறும் கையால் மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். வியர்வையில் சோடியம் குளோரைடு இருக்கிறது.

உலோகங்களை அளக்கப் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுவிடுவார்கள். எதிரயனிக்கு (குளோரைடு, நைட்ரேட் போல எதிர்மின்சுமை கொண்டவை) வைத்த பாட்டிலில் அதைச் செய்தால் நைட்ரேட் கணக்கு அத்தோடு முடிந்தது, பைகார்பனேட்டும் போய்விடும். இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேறு நிற மூடியோடு. நைட்ரேட், நைட்ரைட், பாஸ்பேட் மூன்றையும் நுண்ணுயிர்கள் மாற்றிவிடும். 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். ஃபுளூரைடும் குளோரைடும் அவசரப்படுத்தாது, 28 நாள் வரை தாங்கும்.

வடிகட்டியும் அப்படித்தான். 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டாமல் குழாய்க்குள் எதையும் விடக்கூடாது, அது சரி. ஆனால் அந்தச் சவ்வு எதனால் ஆனது என்று பாருங்கள். ஆரம்ப நாட்களில் நான் வேலை பார்த்த ஒரு லேபில் மழைநீர் ஓட்டிக்கொண்டிருந்தோம். எல்லா மாதிரியிலும் நைட்ரேட் ஒரே மாதிரி கூடுதலாக வந்தது. மூன்று வாரம் காற்று மாசு, வாகனப் புகை என்று காரணம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் வடிகட்டாத தூய நீரையும் வடிகட்டிய தூய நீரையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வு. நைட்ரேட் மழையிலிருந்து வரவில்லை, எங்கள் வடிகட்டியிலிருந்து வந்தது. மூன்று வார மாதிரிகளை மறுபடி எடுக்க முடியாது, அந்த மழை பெய்து முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் புதுச் சவ்வாக இருந்தாலும் முதல் சில மி.லி.யைக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்கிறேன். வடிகட்டிய பிளாங்க் இல்லாத எந்த வரிசையையும் ஏற்பதில்லை.

நைட்ரைட் தெரியவில்லை என்றீர்கள். அது குளோரைடுக்கு அடுத்த வீடு. குளோரைடு 142, நைட்ரைட் 0.1 என்று வைத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு வித்தியாசம். குளோரைடு பீக்கின் வாலில் நைட்ரைட் மூழ்கிவிடும். இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. இங்கே அட்டவணையில் "0" என்று எழுதுவது தவறு. கண்டறியும் எல்லையைக் கணக்கிட்டு "அதற்குக் கீழே" என்று எழுத வேண்டும். அந்த எல்லையையும் தூய நீரில் கணக்கிட்டுப் பயனில்லை, இந்தக் குளோரைடின் நடுவில் கணக்கிட வேண்டும். அதே அளவு குளோரைடு உள்ள நீரில் சிறிதளவு நைட்ரைட் சேர்த்து ஏழு முறை ஓட்டி, திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குங்கள்.

நல்ல வழி வேண்டுமானால் கடத்துதிறன் டிடெக்டரோடு ஒரு புற ஊதா டிடெக்டரையும் இணைத்து 210 முதல் 215 நானோமீட்டரில் பாருங்கள். நைட்ரைட், நைட்ரேட், புரோமைடு மூன்றும் அங்கே ஒளியை உறிஞ்சும். குளோரைடு அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாது. மலை விலகினால் பின்னால் இருக்கும் குடிசை தெரியும் அல்லவா, அப்படி. துறையில் பழைய திரவ குரோமட்டோகிராஃபிக் கருவி சும்மா கிடந்தால் அதன் டிடெக்டரையே பயன்படுத்தலாம். வெள்ளி வடிவ ரெசின் அடைத்த சிறு குப்பியில் மாதிரியைச் செலுத்திக் குளோரைடை வெளியேற்றும் வழியும் உண்டு. அது புரோமைடையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நைட்ரேட்டில் வேதியியலைவிட அலகு பெரிய ஆபத்து. 62 மி.கி. நைட்ரேட் என்பதும் 14 மி.கி. நைட்ரேட்-நைட்ரஜன் என்பதும் ஒன்றுதான், 4.43-ஆல் வகுத்தால் வரும். இந்தியத் தரமான 45 நைட்ரேட்டாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க வரம்பான 10 நைட்ரஜனாகச் சொல்லப்பட்டது. வாங்கிய ஸ்டாண்டர்டு பாட்டிலில் "நைட்ரஜனாக 1000" என்று இருந்து, அதைக் கவனிக்காமல் மென்பொருளில் ஏற்றிவிட்டால், 62 உள்ள கிணறு 14 என்று அச்சாகும். 45-க்கு எவ்வளவோ கீழே என்று யாரோ ஒரு தாய் அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பார். நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், உடல் நீலம் பாரிக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. உரமும் மலக்குழிக் கசிவும் வெடிப்புகள் வழியே சுலபமாக இறங்கி, அங்குள்ள கிணறுகளில் நைட்ரேட்டை ஏற்றியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அலகுப் பிழை எவ்வளவு பெரிய தீங்கு! அட்டவணையின் தலைப்பில் "நைட்ரேட்டாக" அல்லது "நைட்ரஜனாக" என்ற ஒரு சொல் இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஸ்டாண்டர்டு நீங்களே செய்தால், உலர்த்திய சோடியம் ஃபுளூரைடு 2.210 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 1000 மி.கி. ஃபுளூரைடு. பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம். பரப்பைச் செறிவாக மாற்றும் அளவுகோல் கோட்டுக்குக் குறைந்தது ஐந்து புள்ளி. ஃபுளூரைடும் நைட்ரைட்டும் சப்ரஸருக்குப் பின் வலுக்குறைந்த அமிலங்களாக மாறுகின்றன, கார்பனேட் பின்னணியும் சேர்ந்துகொள்கிறது. அதனால் கோடு நேராக இல்லாமல் லேசாக வளையும். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் 0.999 என்ற எண்ணைக் கண்டு திருப்தி அடையாதீர்கள், அந்த எண்ணை மேல்முனைப் புள்ளிகளே தீர்மானித்துவிடும். ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் மாதிரியாக நினைத்துத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். கீழ்முனையில் 0.2 என்பது 0.3 என்று திரும்பி வந்தால் அந்தக் கோடு உங்களுக்கு உதவாது.

எவ்வளவு நீர்ப்பது என்று ஊகிக்க மின்கடத்துதிறன் போதும். லேபுக்கு வந்ததும் எல்லாப் பாட்டிலையும் முதலில் அதில் அளந்துவிடுங்கள். மைக்ரோசீமன்ஸில் வரும் எண்ணை 100-ஆல் வகுத்தால் எதிரயனிகளின் மொத்த மில்லி ஈக்விவலன்ட் தோராயமாகக் கிடைக்கும். 1300 என்றால் 13. 5000 காட்டும் நீரை நேராக ஏற்றினால் ரெசின் நிரம்பி வழிந்து, பீக்குகள் சரிந்து, வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்து நிற்கும். பெயர் மாறிப்போகும். உப்புக் குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கு என்ற வரிசையில் ஓட்டுங்கள், நடுநடுவே பிளாங்க்.

இப்போது அந்தக் கணக்கு. உங்கள் கிணற்றுக்கு நேரயனிகளையும் அளந்து, பைகார்பனேட்டை டைட்ரேட் செய்து, இப்படி வருகிறது என்று வைப்போம்: சோடியம் 184, பொட்டாசியம் 3.9, கால்சியம் 40, மக்னீசியம் 36.5 மி.கி. மில்லி ஈக்விவலன்டில் 8.0, 0.1, 2.0, 3.0. கூட்டினால் 13.1. எதிரயனிகளில் குளோரைடு 142 என்பது 4.0, சல்பேட் 48 என்பது 1.0, நைட்ரேட் 62 என்பது 1.0, ஃபுளூரைடு 2.2 என்பது 0.12. இவை 6.1 தான். மீதி 7.0 எங்கே? பைகார்பனேட், 427 மி.கி. உங்கள் நீரின் எதிரயனிகளில் பாதிக்கும் மேல் அதுதான், கார்பனேட் எலூவன்டில் ஓடும் ஐ.சி.யால் அதை அளக்கவே முடியாது. எனவே டைட்ரேஷன் கட்டாயம், அதுவும் எடுத்த அன்றே. நாள் ஆக ஆகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுண்ணாம்பு பாட்டிலின் சுவரில் படிந்துவிடும்.

இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபுளூரைடு 2.9 என்று வைத்தாலும் 0.15 தான். 13-இல் 0.03 வித்தியாசம், சமநிலைக் கணக்கில் தெரியவே தெரியாது. அயனிச் சமநிலை குளோரைடுக்கும் சல்பேட்டுக்கும் நல்ல காவல்காரர், ஃபுளூரைடு விஷயத்தில் அவருக்குப் பார்வை இல்லை. உடல்நலத்துக்கு அதிக முக்கியமான அயனிக்குத்தான் இந்தச் சோதனை உதவுவதில்லை. அதனால்தான் நீர்த்தலையும் எலக்ட்ரோடையும் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கால்சியத்தைக் கூடவே அளக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் கடினப் பாறைகளில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நீருக்கு வருகிறது. கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்து ஒரு எல்லையில் நின்றுவிடும். கால்சியம் 40 மி.கி. இருந்தால் தூய கரைதிறன் கணக்கில் ஃபுளூரைடு சுமார் 3.5 வரை ஏற இடமுண்டு. கால்சியம் 10 என்றால் 7 வரை. பிற உப்புகளின் பாதிப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த, குடிக்க மென்மையாக இருக்கும் கிணறுதான் அதிக எச்சரிக்கைக்குரியது. ஊரில் "நல்ல தண்ணி" என்று பெயர் வாங்கிய கிணற்றை முதலில் சோதியுங்கள். இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃபுளூரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். குழாய் நீர் வராத நாளில் மக்கள் திரும்பப் போவது பழைய கிணற்றுக்குத்தான் என்பதால் உங்கள் ஆய்வு இன்றும் தேவையானது.

நேரயனிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேறு குழாய், எலூவன்ட் பெரும்பாலும் 20 மில்லிமோலார் மீத்தேன்சல்போனிக் அமிலம். சோடியத்தின் நிழலில் அம்மோனியம் ஒளிந்துகொள்ளும், குளோரைடு-நைட்ரைட் கதைதான். கடலோரத்துக்குப் போனால் புரோமைடு துணைக்கு வரும். கடல் நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் எடை விகிதம் சுமார் 290. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் போல உவர் ஏறிய இடங்களில், அந்த உப்பு கடலிலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய இந்த விகிதம் உதவும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. புதிய பாட்டிலில் அதே கிணற்று நீரை மறுபடி எடுங்கள், அதே கிணற்றிலேயே இன்னொரு பாட்டில் இரட்டை மாதிரியாக. 5 மடங்கு நீர்த்து, எலூவன்ட் செறிவைச் சேர்த்து, அதே மாதிரி தயாரித்த ஸ்டாண்டர்டோடு ஓட்டுங்கள். அதே நாளில் எலக்ட்ரோடிலும் அளங்கள். இரண்டும் 10 சதவீதத்துக்குள் வந்தால் ஐ.சி. எண்ணை எழுதி, நீர்த்த அளவையும் எலூவன்ட் சேர்த்ததையும் முறையில் குறிப்பிடுங்கள். பழைய 2.9-ஐ அழித்துவிடாமல், ஏன் மாறியது என்று ஒரு பத்தி எழுதுங்கள், அடுத்த மாணவருக்கு அந்தப் பத்தி உதவும். வராவிட்டால் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பெரிதாக்கி, ஸ்டாண்டர்டு, மாதிரி, பிளாங்க் மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள். மென்பொருள் பீக்கின் அடியில் கோடு எங்கே இழுத்திருக்கிறது என்று மூன்றிலும் ஒப்பிடுங்கள்.